50 ஜிபி சபாபதி

(கணக்குப் பிரிவு. சபாபதி ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அவருடைய மெயில் பெட்டி இன்று காலையே ஓய்வு பெற்றுவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்த நித்யா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள்.)

சபாபதி: வாம்மா நித்யா. காலையிலேருந்து ஒரு மெயில்கூட வரலை. சரி, ஆபீஸ்ல எல்லாரும் திருந்திட்டாங்க போலிருக்குன்னு நிம்மதியா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தா ஒவ்வொருத்தரா போன் பண்ணித் திட்டறாங்க.

நித்யா: யாரும் திருந்தலை சார். உங்க பெட்டி நிரம்பிடுச்சு. அவங்க அனுப்பறதெல்லாம் சுவத்துல அடிச்ச பந்து மாதிரி அவங்ககிட்டயே திரும்பிப் போகுது.

சபாபதி: நிரம்பற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?

நித்யா: சொல்லாமலா? மொத்தம் 50 ஜிபி. 49 தொட்டதும் எச்சரிக்கை வரும். 49.5-ல நீங்க அனுப்பறது நிக்கும். 50-ல உங்களுக்கு வர்றதும் நிக்கும். மூணு படியா ஏறித்தான் கதவைச் சாத்துது.

சபாபதி: ரெண்டு நாளா அனுப்ப முடியலைதான். நெட் மந்தமா இருக்குன்னு விட்டுட்டேன். எச்சரிக்கைன்னு ஒண்ணும் என் கண்ணுல படலையே.

நித்யா: (திரையை உற்றுப் பார்த்து) இது என்ன சார், ‘அப்புறம்’னு ஒரு ஃபோல்டர்? படிக்காதது 212.

சபாபதி: அதுவா? உங்க டிபார்ட்மென்ட்லேருந்து எது வந்தாலும் நேரா அங்கே போய் விழற மாதிரி ரூல் போட்டு வச்சிருக்கேன். போன வருஷம் ட்ரெயினிங்ல நீதானே சொல்லிக் கொடுத்தே?

நித்யா: 212-ம் ‘உங்கள் பெட்டி நிரம்பப் போகிறது’ங்கற மெயில் சார்.

சபாபதி: பார்த்தியா! இடத்தை அடைக்கறதே உங்க மெயில்தான்.

நித்யா: அது எல்லாம் சேர்ந்தாலும் உங்க ஒரு ஸ்கேன் காப்பிக்கு ஈடாகாது. சரி, இதுவரைக்கும் ஏதாவது அழிச்சீங்களா?

சபாபதி: திட்டு விழுந்ததும் மடமடன்னு 4,000 மெயிலை அழிச்சேன். விரல் வீங்கிப் போச்சு. அளவு இம்மியும் குறையலை. உங்க மெஷினுக்குக் கணக்குத் தெரியலை.

நித்யா: கணக்கெல்லாம் சரிதான். நீங்க அழிச்சது ‘நீக்கியவை’ல உட்கார்ந்திருக்கு. குப்பையைத் தொட்டியில போட்டுட்டா வீட்டை விட்டுப் போயிடுச்சா? தொட்டியும் வீட்டுக்குள்ளேதானே இருக்கு. இதோ, தொட்டி மட்டும் 13 ஜிபி. காலி பண்றேன்.

சபாபதி: (மவுஸைப் பிடித்துக்கொண்டு) இரு, இரு! அவசரப்பட்டு எதையாவது தூக்கிப் போட்டுட்டா?

நித்யா: காலி பண்ணினாலும் நம்ம ஆபீஸ்ல 14 நாளைக்குள்ள திரும்ப எடுத்துடலாம் சார்.

சபாபதி: பதினஞ்சாம் நாள் தேவைப்பட்டா?

(நித்யா பதில் சொல்லாமல் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மவுஸிலிருந்து பிரிக்கிறாள். 13 ஜிபி போகிறது. சபாபதி யாரையோ வழியனுப்பிய முகத்தோடு இருக்கிறார்.)

நித்யா: அடுத்தது. வந்த மெயில் 17 ஜிபி, அனுப்பின மெயில் 19 ஜிபி. உலகத்துல எல்லாருக்கும் வர்றதுதான் அதிகமா இருக்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கே?

சபாபதி: அனுப்பினது எப்படிம்மா என் கணக்குல வரும்? அதுதான் போயாச்சே!

நித்யா: தபால் பெட்டியில போட்ட கடிதம்னா போயிடும். இதுல ஒரு பிரதி உங்ககிட்டயே தங்கும் சார். அது போதாதுன்னு ஒவ்வொரு மெயில்லயும் சிசியில உங்க பேரையே போட்டிருக்கீங்க. அது இன்னொரு பிரதி!

சபாபதி: ஒழுங்காப் போய்ச் சேர்ந்துச்சான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

நித்யா: உங்களுக்கு வந்தா அவருக்கும் போயிடுச்சுன்னு அர்த்தமா?

சபாபதி: (யோசித்து) இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். சிசின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? கார்பன் காப்பி. நான் வேலையில சேர்ந்தப்ப டைப்ரைட்டர்தான். பேப்பருக்கு நடுவுல கார்பன் தாளை வச்சு, முனையைத் தட்டி நேராக்கி, உருளையில திருகுவோம். முதல் காப்பி பளிச்சுன்னு இருக்கும். மூணாவது மங்கும். அஞ்சாவதுல ‘அனுமதி’ எது, ‘அவமதி’ எதுன்னு தெரியாது. அதனால நாலு பேருக்கு மேல எந்த விஷயத்துலயும் சம்பந்தப்பட மாட்டாங்க. இப்ப மங்கறதே இல்லைம்மா. அதான் வியாதி.

நித்யா: (முதல்முறையாகச் சிரித்து) இதை எங்க ட்ரெயினிங்ல சேர்த்துக்கறேன் சார். இப்ப அளவு வாரியா அடுக்கிப் பார்ப்போம். பெரிசுலேருந்து சின்னது. தேதி வாரியாத் துடைச்சா ஆயுசு போதாது. தலைமேல இருக்கற பெரிசுகளைத் தட்டினாலே பாரம் மளமளன்னு இறங்கும். இதோ, வாடகை ஒப்பந்தம் ஸ்கேன், 18 எம்பி. மறுபடியும் அதே. மறுபடியும்... இது என்ன சார், ஒரே மெயில் ஏழு தடவை? அனுப்புநர் சபாபதி, பெறுநர் சபாபதி?

சபாபதி: முக்கியமான மெயில் கீழே போயிடும்ல? அதனால எனக்கே ஃபார்வர்ட் பண்ணிப்பேன். மேலே வந்துடும்.

நித்யா: அதுக்குத்தான் பக்கத்துல கொடி மாதிரி ஒண்ணு இருக்கே சார்! ஃப்ளாக்! ஒரு தட்டு தட்டினா போதுமே! ரிப்ளை பண்ணினாலாவது அட்டாச்மென்ட் கழண்டுக்கும். ஃபார்வர்ட் பண்ணினா மூட்டை முடிச்சோட கூடவே வரும். ஏழு தடவை 18... 126 எம்பி. ஒரு ஒப்பந்தத்துக்கு!

சபாபதி: அந்தக் கொடியா? அது ஏதோ புகார் கொடுக்கற பட்டன்னு நினைச்சுத் தொடவே இல்லைம்மா.

(நித்யா கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறக்கிறாள்.)

சபாபதி: அதை விடு, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஒரு மெயிலுக்கு வரம்பு 25 எம்பின்னு போட்டிருக்கீங்க. என் ஃபைல் 20 எம்பிதான். அது ஏன் போகாம திரும்பி வருது? கணக்குக்காரன்கிட்டயே கணக்கா?

நித்யா: நல்ல கேள்வி சார். மெயில்ங்கறது ஆதியில வெறும் எழுத்துக்காக உண்டானது. படம், ஸ்கேன் எல்லாம் போகணும்னா அதையும் எழுத்தா மாத்தித்தான் அனுப்பணும். மாத்தும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தா ஆகுது. அப்ப 20 எம்பி...

சபாபதி: (உடனே) 26.67. வரம்பைத் தாண்டிடுச்சு! அடடே, இதை அஞ்சு வருஷம் முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா அத்தனை தடவை அனுப்பிப் பார்த்திருக்க மாட்டேனே.

நித்யா: அந்த அத்தனை தடவையும் இங்கே இருக்கு சார். பெரிய ஃபைலைப் பொது டிரைவ்ல போட்டு, லிங்க் மட்டும் அனுப்புங்க. சரி, இந்த குரூப் போட்டோ? 14 எம்பி, மூணு காப்பி.

சபாபதி: நாற்பது பேர்ல நான் ஒருத்தன்தான் கண்ணை மூடிட்டிருக்கேன்.

நித்யா: அப்ப மூணு எதுக்கு?

சபாபதி: ஏதாவது ஒண்ணுல திறந்திருக்கேனான்னு பார்க்கத்தான்.

(மூன்றையும் அழிக்க அனுமதி கிடைக்கிறது. மூன்றாவதைப் பெரிதாக்கி ஒருமுறை பார்த்த பிறகு.)

நித்யா: முன்னாடி எல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?

சபாபதி: அப்ப சொந்த மெயில்னா 2 எம்பிதான் கொடுப்பான். கொஞ்சம் தாராளமானவன் 4 கொடுப்பான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி துடைச்சுட்டுத்தான் படுப்போம். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் வந்து 1 ஜிபி தர்றேன்னுச்சு. தேதியைப் பார்த்துட்டு முட்டாளாக்கறாங்கன்னு பல பேர் நம்பவே இல்லை. நானும்தான்.

நித்யா: இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கறதுங்கறது இதுதான். 2 எம்பியில ஒழுங்கா இருந்தவர், 50 ஜிபியில இப்படி ஆயிட்டீங்க. ஃபோல்டர் லிஸ்ட்டைப் பாருங்க: ‘முக்கியம்’, ‘மிக முக்கியம்’, ‘மிகமிக முக்கியம்’, ‘முக்கியம் புதுசு’, ‘இதர’, ‘இதர இதர’. இதுல எதைத் தேடி எப்படி எடுப்பீங்க?

சபாபதி: எடுக்க மாட்டேன். அனுப்பினவருக்கே போன் போட்டு இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுவேன்.

நித்யா: சரியாப் போச்சு! 2011-ல ஐபிஎம் ஆராய்ச்சிக்காரங்க 345 பேர் பழைய மெயிலை எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு கவனிச்சுப் பார்த்தாங்க சார். விதவிதமா ஃபோல்டர் கட்டி அடுக்கினவங்களுக்கு அதனால பெரிசா லாபம் இல்லை. பேசாம தேடல் கட்டத்துல பேரைத் தட்டினவங்கதான் நேரம் மிச்சம் பிடிச்சாங்க. ரெண்டு மூணு ஃபோல்டர் இருந்தாப் போதும், மீதி தேடல் பார்த்துக்கும்.

சபாபதி: தேடிப் பார்த்தேனே. ‘முக்கியம்’னு போட்டேன். 11,406 வந்துச்சு.

(இதுவரை நித்யாவின் பக்கம்தான் நியாயம். ஆனால் 50 ஜிபிக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. இப்போது அது வருகிறது.)

நித்யா: சார், மனசுவிட்டுச் சொல்லுங்க. ஏன் ஒண்ணைக்கூட அழிக்க மாட்டேங்கறீங்க? ‘நன்றி’ன்னு ஒத்தை வார்த்தை மெயில்கூட இருக்கு. ‘நன்றிக்கு நன்றி’யும் இருக்கு.

சபாபதி: (குரலைத் தாழ்த்தி) 2016-ல பழைய மேனேஜர் ஒரு பில்லுக்குப் பணம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு ஆடிட்டுல கேள்வி வந்துச்சு. பத்துப் பேர் முன்னாடி, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே சபாபதி’ன்னுட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தேடினேன். கிடைச்சுது. ரெண்டே வார்த்தை: ‘சரி, கொடுத்துடுங்க.’ அந்த ரெண்டு வார்த்தைதான் என் வேலையைக் காப்பாத்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே ‘நன்றி’யைக்கூட அழிக்கறதில்லைன்னு. எந்த நன்றி எப்ப சாட்சிக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?

நித்யா: (சற்று நேரம் பேசாமல் இருந்து) நியாயம்தான் சார். அந்த மாதிரி மெயில் எல்லாத்தையும் கண்டிப்பா வச்சுக்கணும். அனுமதி, ஒப்பந்தம், பணம் சம்பந்தப்பட்டது எதையும் நானும் தொட மாட்டேன். ஆனா அதுக்குத் துணையா குரூப் போட்டோவை எதுக்கு வைக்கறீங்க? சாட்சி கூட்டத்துல தொலைஞ்சு போனதாலதானே எட்டு மணி வரைக்கும் தேடினீங்க? ‘சாட்சி’ன்னு ஒரே ஒரு ஃபோல்டர் போட்டுத் தரேன். யாராவது வாக்குக் கொடுத்தா, சரின்னு சொன்னா, தேதி சொன்னா, அங்கே இழுத்துப் போடுங்க. மத்ததெல்லாம் போகட்டும்.

சபாபதி: அந்த ‘எல்லாருக்கும் பதில்’ சமாச்சாரம்? ஒருத்தர் தெரியாம மொத்த ஆபீஸுக்கும் அனுப்பி, ஐம்பது பேர் ‘எனக்கு ஏன் அனுப்பறீங்க’ன்னு மொத்த ஆபீஸுக்கும் கேட்டாங்களே?

நித்யா: போகட்டும். அது மைக்ரோசாஃப்ட்லயே 1997-ல நடந்திருக்கு. சுமார் 13,000 பேர் இருந்த லிஸ்ட்ல ஒருத்தர், என்னை எடுத்துடுங்கன்னு கேட்க, ‘என்னையும், என்னையும்’னு கிளம்பி சர்வரே படுத்துடுச்சு. மெயில் சாஃப்ட்வேர் செய்யறவங்களுக்கே அந்த கதி.

சபாபதி: (மனம் லேசாகி) அப்ப நம்ம ஆபீஸ் பரவாயில்லை. சரி, ஃபோல்டர் போடு. ‘சாட்சி’. நல்ல பேர். இதுக்கு முன்னாடி ‘ரொம்ப முக்கியம்’ போடலாமா?

நித்யா: வேண்டாம் சார். இப்ப பாருங்க, பெட்டி 22 ஜிபிக்கு வந்தாச்சு. கடைசியா, தேடல் எவ்வளவு சுலபம்னு நீங்களே பண்ணிப் பாருங்க. ‘முக்கியம்’ போடாதீங்க. ஏதாவது ஒரு ஆள் பேரைப் போடுங்க.

சபாபதி: (ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டுகிறார்) நி... த்... யா. அட! கண்ணிமைக்கற நேரத்துல வந்துடுச்சே! அடியில பழசு ஒண்ணு இருக்கு. 2022 ஜூன். படிக்கறேன் கேளு: ‘சார், உங்கள் மெயில் பெட்டி வேகமாக நிரம்பி வருகிறது. திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நேரில் வந்து சுத்தம் செய்து தருகிறேன். நித்யா.’

(மௌனம். நித்யா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறாள்.)

நித்யா: அது... எவ்வளவு சைஸ் சார்?

சபாபதி: 4 கேபி.

நித்யா: சிறுதுளி பெருவெள்ளம் சார். அழிச்சுடலாம்.

சபாபதி: (மெயிலை மெல்ல இழுத்துக்கொண்டே) நீதானேம்மா சொன்னே, யாராவது வாக்குக் கொடுத்தா, தேதி சொன்னா... இதோ, விழுந்துடுச்சு. ‘சாட்சி’, ஒண்ணு.