முதலில் யார் பறப்பதை நிறுத்துவது?

அறிவியல் மாநாடுகளுக்காகப் பறப்பதைக் குறைக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே அளவா பறக்கிறோம்?

2019 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் கூட்டத்தைப் பாருங்கள். சுமார் 28,000 பேர் கூடினார்கள். போய்வந்த தூரம் மொத்தம் 28.5 கோடி கிலோமீட்டர், அதனால் வந்த கரியமில வாயு உமிழ்வு ஏறக்குறைய 80,000 டன். ஆளுக்கு 3 டன் பக்கம்! பூமியை ஆராய்கிறவர்களே இப்படியா என்று குத்திக்காட்ட நான் வரவில்லை. அடுத்த ஆண்டு நேச்சர் இதழில் இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு கணக்கு வந்தது. மிகத் தொலைவிலிருந்து வந்த 36 சதவீதத்தினர்தான் முக்கால்வாசி உமிழ்வுக்குக் காரணம். கூட்டத்தைச் சிகாகோவில் வைத்திருந்தாலே 12 சதவீதம் குறைந்திருக்கும். சிகாகோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஊர்களில் பிரித்து நடத்தி, மூன்றையும் இணையத்தில் இணைக்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரையும் வீட்டிலேயே உட்காரச் சொல்லாமல் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம்.

முழுக்க இணையத்தில் நடத்தினால் உமிழ்வு அநேகமாக இல்லவே இல்லை. ஐரோப்பிய வானியல் கழகம் 2019-ல் பிரான்சின் லியோன் நகரில் கூடியது. 2020-ல் கொரோனாவால் இணையத்துக்குப் போனது. உமிழ்வு ஏறக்குறைய 3,000 மடங்கு குறைந்தது. விசா கிடைக்காதவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், பணம் புரட்ட முடியாதவர் எல்லாருக்கும் கதவு திறந்தது.

ஆனாலும் புதிதாக வரும் ஆய்வு மாணவருக்கு இணையம் போதாது என்றே நினைக்கிறேன். தன் ஆய்வை விளக்கி மாநாட்டில் மாட்டிய போஸ்டர் பக்கத்தில் கால் கடுக்க நிற்கும்போது, அதுவரை கட்டுரைகளில் மட்டுமே பெயரைப் பார்த்திருந்த ஒருவர் வந்து, இரண்டாவது வரைபடத்தில் விரல் வைத்து, "இந்தப் புள்ளி ஏன் தனியாக விலகி நிற்கிறது?" என்று கேட்பார். அடுத்த ஒரு வருட வேலை அந்தக் கேள்வியில் தொடங்கலாம். திரையில் இது நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வி கேட்கும் பெரியவர்கள் எல்லாரும் பறந்துதான் வர வேண்டுமா? அதே மாநாட்டுக்குக் காலையில் வந்து இறங்கி, சிறப்புரை ஆற்றி, கேள்வி நேரம் முடிவதற்குள் விமான நிலையத்துக்கு டாக்ஸி பிடிப்பவரும் உண்டு. அவர் போஸ்டர் அரங்குப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அந்த உரையைத் திரையில் கேட்டால் என்ன குறைந்துவிடும்? பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2019-ல் நடந்த ஓர் ஆய்வில், அதிகம் பறப்பதற்கும் ஆய்வில் சாதிப்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. பதவி உயர உயரப் பறப்பது கூடியது, சம்பளமும் கூடியது.

ஆகவே சிறப்புரையாளர் திரையில், மாணவர் அரங்கில். வந்தே தீருவேன் என்கிற பெரியவர் ஒரு வாரமாவது தங்கி மாணவர்களோடு உட்காரட்டும். மரம் நட்டு ஈடுகட்டுகிறோம் என்று பதிவுக் கட்டணத்தில் சேர்த்து வாங்குவதை எல்லாம் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பாதிப் பேர் அரங்கில், பாதிப் பேர் இணையத்தில் என்று இன்று 'ஹைப்ரிட்' பெயரில் நடப்பதும் பெரும்பாலும் கண்துடைப்பு. மேடை ஓரத்தில் ஒரு மடிக்கணினி. கேள்வி கேட்பவர் கையில் மைக் இருக்காது. சாட்டில் "சத்தம் வரவில்லை" என்று வரிசையாக விழும்; அதைப் படிக்க அரங்கில் ஒரு ஆள் இருக்காது. அந்த வேலைக்கென்று ஒருவரை நியமித்துச் சம்பளம் கொடுக்க ஒரு விமான டிக்கெட் பணம் தாராளமாகப் போதும்.

பயணப் பணம் தரும் அலுவலகங்களும் மாற வேண்டும். ரயில் டிக்கெட் விலை கூடுதல் என்று மறுத்து விமானத்தில் போகச் சொல்லும் விதி இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பெரிய பெயர் நேரில் வராவிட்டால் கூட்டம் சேராது என்று அமைப்பாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஒரு வருடம் நடத்திப் பார்க்கட்டுமே.