படத்துல என் வண்டி எங்க சார்?

நான் டிராஃப்ட்ஸ்மேன். 28 வருஷமாக இன்ஜினியர்கள் சொல்லும் கோட்டைப் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அதனால் இந்தப் பதிவில் யாரைத் திட்டினாலும் அதில் பாதி எனக்கும் சேரும்.

போன வருஷம் சென்னை சூளைமேட்டில் எங்கள் தெருவுக்குப் புது நடைபாதை வருகிறது என்றார்கள். (நடைபாதை என்பது ஆபீஸ் தமிழ். எங்கள் தெருவில் அது பிளாட்பாரம்தான். இனி அப்படியே எழுதுகிறேன்.) வரைபடத்தை யாரோ வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருந்தார்கள். இஸ்திரி போடும் அண்ணனிடம் சட்டை வாங்கப் போனபோது போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்து ஒவ்வொரு கேட்டாக விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். வேப்பமரத்தில் விரல் நின்றது.

“மரம் இருக்குது. படத்துல என் வண்டி எங்க சார்?”

வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். கூடவே அனுப்பிய கலர் படத்தில், அந்த பெஞ்சில் ஒரு ஆள் கால்மேல் கால் போட்டு லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் தெருவில் மே மாத வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப் பார்க்கிற ஒருத்தனை நான் இன்னும் சந்திக்கவில்லை. இஸ்திரி அண்ணன் அதே மரத்தடியில் 19 வருஷமாக நிற்கிறார்.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் பிளான் வரைகிற சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் ‘பிளாக்’ என்று ஒன்று உண்டு. மரம், கார், மனுஷன் எல்லாம் ஏற்கெனவே வரைந்து ஒரு லைப்ரரியில் கிடக்கும், எடுத்து ஒட்டினால் போதும். அந்த லைப்ரரியில் கோட் போட்ட ஆள் இருக்கிறான், நாயைப் பிடித்துக்கொண்டு ஓடும் பெண் இருக்கிறாள், ஆறேழு வகைக் கார் இருக்கிறது, நம்ம ஊரில் முளைக்கவே முளைக்காத ஊசியிலை மரம்கூட இருக்கிறது. இஸ்திரி வண்டி கிடையாது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களின் வரிசை கிடையாது. பூக்கூடை கிடையாது. சர்வேக்கு வருகிறவர் சுவர், கேட், மரம், மின்கம்பம், ஈபி பெட்டி எல்லாவற்றையும் அளந்துகொண்டு போவார். நகர்கிற எதையும் அளக்க மாட்டார். 19 வருஷமாக நகராதது ஒன்று இருந்தாலும் அதில் சக்கரம் இருந்தால் கணக்கில் வராது. இப்படி எத்தனை தெருவை நானே வரைந்து கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

பொதுமக்களிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம், செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. அந்த நேரத்தில் யார் வர முடியும்? குடியிருப்போர் நலச்சங்கத்திலிருந்து ஆறு பேர், எல்லாரும் ரிடையர் ஆனவர்கள், ஐந்து பேர் வீட்டில் கார். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் பார்க்கிங் பற்றித்தான் பேச்சு. நானும் சங்க உறுப்பினர்தான், அரைநாள் லீவு போட்டுப் போயிருந்தேன். சங்கத்தைக் குறை சொல்லவில்லை. கொசு மருந்து, தெரு விளக்கு எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் சங்கம் என்பது தெருவில் வீடு வைத்திருப்பவர்கள். தெருவைப் பயன்படுத்துகிறவர்கள் வேறு கணக்கு.

விடிகாலை நாலரைக்குப் பால்காரர். அஞ்சரைக்கு இட்லி ஆயா அடுப்பு மூட்டும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பத்து மணிக்கு மேல் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடப்பார்கள், அவர்களுக்கு உட்கார ஒரு இடமும் கிடையாது, போக ஒரு பாத்ரூமும் கிடையாது. மதியம் டெலிவரி பையன்கள் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டில் மேலேயே தலை சாய்ப்பார்கள். இவர்களில் ஒருத்தர்கூட அந்த ஹாலில் இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் இந்தத் தெருவில் குடியிருக்கவும் இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. ஆனால் தெருவில் அதிகமாக நடப்பது யார் என்று கேட்டால், அவர்கள்தான்.

சட்டத்துக்குக் குறைச்சலா? கிடையவே கிடையாது. மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கு என்று தனியாக ஒரு கொள்கையை 2014-லேயே சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அதைச் செய்த முதல் நகரம் நம்முடையதுதான். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதே 2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. எங்கே வியாபாரம் செய்யலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 2022-ல் வார்டு குழு, பகுதி சபை என்று நகரத்துக்கும் கிராமசபை மாதிரி ஒன்று வந்தது. அந்த நவம்பர் 1-ம் தேதி முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் பகுதி சபை எங்கே கூடுகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்க வேண்டாம், எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது.

தி.நகர் பாண்டி பஜாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2019 நவம்பரில் அந்த நடைபாதை வளாகம் திறந்தபோது நானும் முகத்தைச் சுளித்தவன்தான். இப்போது சாயங்காலம் போனால் குழந்தைகள் ஓடுகிறார்கள், வயசானவர்கள் கடைக்குள் போகாமலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அங்கே எனக்குப் பிடித்த விஷயம் கிரானைட்டோ விளக்கோ இல்லை. கட்டுவதற்கு முன்னாலேயே தற்காலிகத் தடுப்புகளை வைத்து, ரோட்டைக் குறுக்கிப் பார்த்து, வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த கடைக்காரர்களையும் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்களே, அதுதான். பிடிக்காத விஷயமும் அதே தெருவில் உண்டு. அதற்குச் சில வருஷம் முன்னால், 2013-ல், பிளாட்பாரக் கடைக்காரர்களை ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். மாடியேறி வந்து கிளிப்பும் வளையலும் யார் வாங்குவார்கள்? நடந்து போகிறபோது கண்ணில் பட்டால் வாங்குகிற சாமான் அது. ஒரு வளையல்காரம்மாவை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

அந்த ஒத்திகை யோசனையைத்தான் எங்கள் தெருவில் திருடினோம். தடுப்பு வாங்கக் காசில்லை. அமைச்சர் வருகிறார் என்றால் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு போடுவார்கள் இல்லையா, அதுதான் ஞாபகம் வந்தது. கிரிக்கெட் ஆடும் பையன்கள் நாலு பேர், இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள், ஒரு டேப். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, படத்தில் இருந்த பிளாட்பாரத்தை அதே அளவில் அப்படியே தரையில் போட்டுவிட்டோம். பெஞ்சு வரும் இடத்தில் செவ்வகம், தூண் வரும் இடத்தில் புள்ளி. மேல் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “இன்னா, தெருவுக்கே கோலமா?” என்றார். ஏழு மணிக்குள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஹாலில் வாயே திறக்காத தெரு, அன்றைக்கு வாயை மூடவில்லை.

பிளான் படிக்க எல்லாருக்கும் தெரியாது. அது ஒரு குறையும் இல்லை, எனக்கு நாதஸ்வரம் வாசிக்கத் தெரியாத மாதிரிதான். ஆனால் தரையில் போட்ட கோட்டின் மேல் நின்றால் எல்லாருக்கும் புரிகிறது. இட்லி ஆயா தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு உள்ளே வைத்து, வெளியே வைத்து, மூன்று இடம் பார்த்தது. ஆட்டோக்காரர் ஒருத்தர் வண்டியை எடுத்து வந்து முனையில் திருப்பிக் காட்டினார், பின்சக்கரம் கோட்டின் மேல் ஏறியது. பூக்கார அக்கா மட்டும் கோட்டைப் பார்க்கவே இல்லை. வடிகால் ஜாலி (மழைத்தண்ணீர் இறங்கும் கம்பி மூடி) என்று நாங்கள் போட்டிருந்த கட்டத்தைப் பார்த்து, “தண்ணி இங்க நிக்காது தம்பி, அங்க நிக்கும்” என்று எதிர்ப்பக்கம் அடிபம்பைக் காட்டினார்.

படத்தில் சரிவு பூக்கார அக்கா பக்கம்தான். என்னிடம் ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தது, ஊற்றினேன். அது நேராக அடிபம்புக்கு ஓடியது. அந்த வீட்டுக் காம்பவுண்டில் 2015 வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது, என் இடுப்பு உயரம். காரணம் பெரிய ரகசியம் இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, தெருவே கோணிக்கொண்டுவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் இருந்தது எந்தக் காலத்து லெவலோ. பூக்கார அக்காவிடம் இருந்தது போன மழையின் லெவல்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) வந்தார், எட்டரை மணிக்கு. பெயரெல்லாம் வேண்டாம். சின்ன வயசு, நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமை வந்ததே பெரிய விஷயம். பக்கெட் விஷயத்தை மறுபடி செய்து காட்டினோம். அவரே இன்னொரு பக்கெட் கேட்டு வாங்கி, வேறு இடத்தில் ஊற்றிப் பார்த்தார். போட்டோ எடுத்தார். ஜாலி இடம் மாறியது. முனையில் ஆட்டோ திரும்ப வளைவும் மாறியது.

தூண்கள் மாறவில்லை. பைக் ஏறாமல் இருக்க எவர்சில்வர் தூண் நெருக்கமாகத்தான் வைப்போம் என்றார்கள். என் அம்மாவின் சக்கர நாற்காலி 26 அங்குலம், வைத்த தூண்களுக்கு நடுவில் 24. ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புப் புள்ளிகளுக்கு நடுவில் நாற்காலியை நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் சொன்னோம். ‘நோட் பண்ணிக்கிறோம்’ என்றார்கள், அவ்வளவுதான். பிளாட்பாரத்தில் 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும், 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று ரோடுகளுக்கு அளவுகோல் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு எழுதி வைத்திருப்பது நான் தினமும் வரைகிற எண்கள்தான். அகலமும் உயரமும் சரியாகவே கட்டினார்கள். உள்ளே நுழையத்தான் வழியில்லை. இப்போது அம்மா ரோட்டில்தான் போகிறார், பைக் ஜாலியாக அடுத்த கேட்டின் சரிவில் ஏறி பிளாட்பாரத்தில் போகிறது.

சக்கர நாற்காலி என்றதும் மெரினா ஞாபகம் வருகிறது. மாற்றுத்திறனாளிகள் எத்தனையோ வருஷம் கேட்டு, டிசம்பரில் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவதை மாற்றி, 2022 நவம்பர் கடைசியில் நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறை அலையைக் கிட்டே பார்த்தவர்கள் அழுததை டிவியில் பார்த்தோம். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயலில் அதன் கடல்பக்க முனை பிய்ந்தது. அதைச் சரிசெய்தார்கள், அது வேறு. ஆனால் அந்த மணல் எப்படி நகரும், அலை எங்கே வரை ஏறும் என்று பக்கத்தில் நொச்சிக்குப்பத்து மீனவர் யாரையாவது கேட்டார்களா என்பதுதான் இன்றுவரை என் சந்தேகம். அந்த மீனவர்களே 2023-ல், கடற்கரையை ஒட்டி அவர்கள் குப்பம் வழியாகப் போகும் லூப் ரோட்டில் படகைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்கள். ரோட்டுக்காரர்களுக்கு அது மீன் கடைகளின் ஆக்கிரமிப்பு, மீனவர்களுக்கு ரோடுதான் ஆக்கிரமிப்பு. சண்டை முற்றிய பிறகு 2024-ல் மீன் அங்காடி திறந்தது. அந்தப் பேச்சு ரோடு போடும் முன்னால் நடந்திருக்க வேண்டியது.

ஆபீஸில் இதைச் சொன்னால் சீனியர் ஒருத்தர் சிரிப்பார். “எல்லாரையும் கேட்டா ஒரு செங்கல் வைக்க முடியாதுப்பா, ஆளாளுக்குத் தன் வாசலுக்கு ஒண்ணு கேப்பான்.” கேட்பான்தான். எங்கள் தெருவிலேயே ஒருத்தர் தன் காருக்காக மரத்தை வெட்டச் சொன்னார், இன்னொருத்தர் பூக்கார அக்காவே வேண்டாம் என்றார். கேட்டதையெல்லாம் கொடுக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் ஹாலில் அப்படிக் கேட்டவர், தெருவில் நாற்பது பேர் நடுவில், அதே பூக்கார அக்காவின் முன்னால் நின்று கேட்கவில்லை. அன்றைக்கு அவர் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போனார். காலதாமதம் என்கிறார்கள். எங்களுக்கு ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு, சில பக்கெட் தண்ணீர். ஜாலியைத் தப்பான பக்கம் கட்டி, அடுத்த ஐப்பசியில் உடைத்து, மறுபடி கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டெண்டர் போடுகிறவர்களே கணக்குப் போடட்டும்.

இஸ்திரி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பெஞ்சு வந்துவிட்டது, ஆனால் மரத்துக்கு அந்தப் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒரு இஞ்சும் நகர்த்தாமல் அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பையன்கள் சுண்ணாம்புக் கோட்டை வண்டியைச் சுற்றித்தான் போட வேண்டியிருந்தது. போட்டோவிலும் அப்படியே விழுந்துவிட்டது. கட்டும்போதும் அந்த வளைவை யாரும் நிமிர்த்தவில்லை.

அடுத்த வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வண்டியை அளந்தேன். நீளம் ஆறடி, அகலம் மூணே காலடி, அவர் நின்று தேய்க்கப் பின்னால் இரண்டரை அடி, துணி கொடுக்க வருகிறவர் நிற்க முன்னால் இரண்டு அடி. “எதுக்கு சார்?” என்றார். சொன்னேன். “பெட்டி வெக்கிற தட்டையும் சேத்துக்கோங்க, அது ஒரு முக்கா அடி வெளிய நீட்டும்” என்றார். சேர்த்தேன். கூடவே பூக்கூடை, இட்லி அடுப்பு, ஆறு குடம் கொண்ட ஒரு வரிசை, தலை சாய்த்த டெலிவரி பையனோடு ஒரு பைக், 26 அங்குல சக்கர நாற்காலி ஆகியவற்றையும் வரைந்து வைத்திருக்கிறேன். ரோட்டு வேலை, பார்க் வேலை வரைகிறவர்கள் யாருக்காவது இந்த பிளாக்குகள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள். ஆட்டோகேடின் பழைய வெர்ஷனிலும் திறக்கும்.