கட்டணக் கருவி காட்டும் தேடல் எண்ணிக்கை துல்லியமானதா?

"காசு கட்டும் கீவேர்டு (தேடல் சொல்) கருவிகளில் வருவதுதான் கூகுளின் உண்மையான தேடல் எண்ணிக்கை, இலவசக் கருவிகள் வெறும் ஊகம்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது தவறு.

ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கட்டணக் கருவிகள் காட்டுவதும் மதிப்பீடுதான். ஒரே சொல்லை இரண்டிலும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எண் வேறுபடும். கூகுள் விளம்பரக் கணக்கில் உள்ள கீவேர்டு பிளானர் என்ற கருவி இலவசம். விளம்பரச் செலவு செய்யாதவருக்கு மாதம் 1,000 முதல் 10,000 தேடல் வரை என்பது போல அகலமான வரம்புதான் காட்டும். அது குறைதான். ஆனால் தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலை ஏன் மறக்கிறார்கள்? உங்கள் தளம் எந்தத் தேடல்களில் தோன்றியது, எத்தனை கிளிக் வந்தது என்று 16 மாதக் கணக்கைக் கூகுளே தருகிறது. அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காக மறைக்கும். புதிதாகத் தளம் தொடங்கியவர்கள் இந்தப் பேச்சை நம்பிச் சந்தா கட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போட்டித் தளங்களின் சொற்களைத் துழாவ வேண்டுமா, சரி, அதற்குக் கட்டணக் கருவி உதவும்.