எங்கள் ஊர்ப் பல்லைப் பற்றிப் படிக்க 39.95 டாலர்

39.95 டாலர். இணையத்தில் ஏழு பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு. வரி தனி என்று அடியில் எறும்பு எழுத்தில் வேறு போட்டிருக்கிறான். வாங்க வசதியில்லையா, 48 மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமாம். பிரிண்ட் போடக் கூடாது, சேமிக்கக் கூடாது, பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அப்படி என்ன ரகசியம் அதில்? கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதுதான். எங்கள் கிணறு, எங்கள் போர்வெல், அந்தத் தண்ணீரைக் குடித்துக் காவியேறிய எங்கள் பிள்ளைகளின் பல். பாட்டிலோடு சாம்பிள் எடுக்க வந்தவர்களுக்கு யாராவது ஒரு வீட்டில் மோர் கூடக் கொடுத்திருப்பார்கள். மோர் கொடுத்தவர் படிக்க வேண்டுமென்றால் மட்டும் டாலரில் கட்ட வேண்டும்.

நான் பல் டாக்டர். சின்ன கிளினிக். பல் பிடுங்க 300 ரூபாய் என்றால், "போன வாரம்தானே சார் பெரியவனுக்குப் பிடுங்கினீங்க, பார்த்துப் போடுங்க" என்று பேரம் நடக்கும். இந்த ஒரு கட்டுரைக்கு நான் பதினோரு பல்லுக்கு மேல் பிடுங்க வேண்டும். அதிலும் சொந்தக்காரர் பல் வந்தால் கணக்கில் சேராது.

பொழுதுபோகாமல் தேடவில்லை. முன்பல் முழுக்கப் பழுப்புக் கோடு விழுந்த ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் இன்னொரு குழந்தை. "பேஸ்ட்ட மாத்துனா போயிடுமா சார்?" போகாது. அடுத்த கேள்விதான் முக்கியம்: "அப்போ இதுக்கும் இப்படித்தான் வருமா?" நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் குடிக்கிற தண்ணீர்தான் இதைத் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருந்தால் நல்லது. வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை என்கிறது இந்தியத் தர அளவு. அவர்கள் ஊர் போரில் எவ்வளவு? அந்த ஒரே ஒரு எண்தான் எனக்கு வேண்டும்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1997-இலிருந்து உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தைத் தேடுவதே ஒரு தனிக் கலை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன்னால் எங்கள் கிணறெல்லாம் தருமபுரிக் கணக்கு. 1965-க்கு முன்னால் தருமபுரியே சேலத்துக் கணக்கு. ஆகவே மூன்று பெயரையும் போட்டுத் தேட வேண்டும். போட்டால், தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் இருக்கிற இன்னொரு தர்மபுரி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெலங்கானாவிலும் ஃப்ளோரைடு பிரச்சினை பேசுகிற ஊர்கள் உண்டு, கேட்கவா வேண்டும்.

எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கட்டுரையைப் பிடித்தேன். இலவசமாகக் காட்டுகிற சுருக்கம், அதாவது அப்ஸ்ட்ராக்ட், என்ன சொல்கிறது? "பல கிராமங்களில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியுள்ளது." எந்தெந்தக் கிராமம் ஐயா? அது உள்ளே, அட்டவணையில்.

சரி, உள்ளே போவோம் என்று 'ஃபுல் டெக்ஸ்ட்' பொத்தானை அழுத்தினேன். பதிப்பகத்தின் தளம். முதலில் குக்கீ சம்மதம். கொடுத்தேன். அப்புறம் 'உங்கள் நிறுவனம் வழியாக நுழையுங்கள்'. பட்டியலில் உலகத்தில் உள்ள அத்தனை பல்கலைக்கழகமும் இருக்கிறது, என் கிளினிக் மட்டும் இல்லை. நான் படித்த கல்லூரி இருந்தது. ஆசையாக அழுத்தினால் மாணவர் எண் கேட்கிறது. நரைத்த தலைக்கு எங்கே மாணவர் எண்? சரி, தனிநபர் கணக்கு. பெயர், மெயில், துறை, 'ஆய்வில் உங்கள் பங்கு'. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து இல்லையாம். சேர்த்தேன். குறியீடு இல்லையாம். சேர்த்தேன். அப்புறம் நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. தீயணைப்புக் குழாய் உள்ள கட்டங்களை எல்லாம் தொட வேண்டும். எங்கள் பக்கம் எந்தத் தெருமுனையில் அந்தக் குழாய் நிற்கிறது, நான் அடையாளம் காண? குத்துமதிப்பாகத் தொட்டுத் தப்பித்தேன். மெயிலில் உறுதிப்படுத்தும் இணைப்பு. அது ஸ்பேமில் கிடந்தது. தேடியெடுத்து அழுத்தினால் காலாவதி. மறுபடி அனுப்பு, மறுபடி ஸ்பேம், மறுபடி குழாய். கடைசியில், "வணக்கம் டாக்டர், நல்வரவு" என்று என் பெயரைச் சொல்லி வரவேற்று, அதற்குக் கீழேயே எழுதியிருந்தது: இந்த உள்ளடக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. 39.95 டாலர்.

இத்தனை விவரம் வாங்கியது அதைச் சொல்லத்தானா? வாசலிலேயே சொல்லியிருந்தால் நான் சாப்பிடவாவது போயிருப்பேன்.

ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறதே என்று யாராவது கிளம்பி வருவீர்கள். தெரியும். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 13,000 இதழ்கள் அளவுக்கு, 2025 ஜனவரியிலிருந்து. நல்ல திட்டம்தான். அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கும். ஷட்டரைத் தூக்கி கிளினிக் நடத்துகிறவன் எந்த நிறுவனம்? வரி கட்டும்போது மட்டும் நானும் நாடு.

கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேளுங்கள் என்பார்கள். போட்டேன். முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. மனிதர் வேலை மாறியிருப்பார், கட்டுரையில் பழைய கல்லூரி மெயில். அவர் பாவம், அவருக்கும் இந்த 39.95-இல் ஒரு பைசா போகாது.

இதற்கிடையில் என் வாட்ஸ்அப்பில், காலையில் ரோஜாப்பூவோடு ஒரு செய்தி: 'பல் கறை ஒரே நாளில் மறைய எலுமிச்சையும் சமையல் சோடாவும்.' இலவசம். லாகின் வேண்டாம், குழாயைத் தொட வேண்டாம். அதைத் தேய்த்து எனாமலைக் கரைத்துக்கொண்டு என்னிடமே வருவார்கள்.

அந்த அம்மாவிடம், குழந்தைக்குக் குழாயில் வருகிற ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை மட்டும் குடிக்கக் கொடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். "அது வர்ற அன்னிக்குக் குடுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வேறு என்ன செய்ய.

அப்புறம், என் வீட்டு ஆர்ஓ மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற "பத்து நிமிஷத்தில் வர்றேன் சார்" என்றவரே, பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டவரே, இதைப் படித்தால் தயவுசெய்து போனையாவது எடுங்கள்.