சமையல் குறிப்பைப் பெருக்கினால் மட்டும் போதாது

"10 கிலோ மாவுக்கான அளவை ஐந்தால் பெருக்கினால் 50 கிலோவுக்கும் அதே ரொட்டி வரும், வராவிட்டால் வேலையாட்கள் சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதிதான் சரி. உப்பு, தண்ணீர் விகிதம் மாறாது, உண்மை. ஆனால் வெப்பமும் நேரமும் அப்படிப் பெருகுவதில்லை.

மாவு பிசையும் பெரிய மிக்சர் இயந்திரத்தில் உராய்வால் உண்டாகும் சூட்டின் அளவு மாறும். அதோடு, பிசைந்த மாவு பெரிய உருண்டையாகக் கிடக்கும்போது உள்ளே சூடு தங்கிவிடும், ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். மாவு சீக்கிரமே அதிகமாகப் புளித்துவிடும். அதனால் பிசைந்து முடித்ததும் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். உங்கள் ரொட்டிக்கு 25 டிகிரி செல்சியஸ் ஒத்துவருகிறது என்றால், அதே 25 வரும்படி தண்ணீரைக் குளிர்வித்து ஊற்ற வேண்டும், தேவைப்பட்டால் ஐஸ் சேர்த்து.

இன்னொன்று, 50 கிலோவை வெட்டி உருட்டி முடிப்பதற்குள் முதல் ரொட்டிக்கும் கடைசி ரொட்டிக்கும் புளிப்பில் பெரிய இடைவெளி விழும். பணியாளரைக் குறை சொல்வது அநியாயம். ஓவன் கொள்ளளவைப் பார்த்துச் சிறு சிறு தவணையாகப் பிசையுங்கள். இல்லையென்றால் வடிவமைத்த மாவை 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். ஈஸ்ட் மந்தமாகும், சுவையும் கூடும்.