நான்கு குதிரைத்திறன் முதுகுக்குத் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி தன் காரைப் பற்றிப் போட்ட பதிவின் கீழ் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர் மாற்றியதும் 80 குதிரைத்திறன் வண்டியில் 4 கூடிவிட்டது, திம்பம் மலைப்பாதை ஏறும்போதே தெரிந்தது என்றார் அவர். வண்டியின் திறனை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றி அளந்தீர்களா என்று மட்டும்தான் கேட்டேன். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது அண்ணா" என்று பதில் வந்தது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

மறுபடியும் சொல்கிறேன். 80-இல் 4 என்பது 5 சதவீதம். அதை நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டு எந்த ஓட்டுநரின் உடம்பும் சொல்லாது. 1,000 கிலோ வண்டியில் கூடுதலாக ஒருவர் ஏறி உட்கார்ந்தாலே அந்த லாபம் போய்விடும். காலை 22 டிகிரியில் ஓடிய எஞ்சின் பிற்பகல் 37 டிகிரியில் ஏறக்குறைய அவ்வளவை இழக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது.

"ஏசியை அணைத்தால் தெரிகிறதே?" நியாயமான கேள்வி. தெரியும். குன்னூர் ஏற்றத்தில் நானே அணைப்பதுண்டு. மிதித்த கால் அசையாமலிருக்க, வண்டி முதுகைத் தள்ளும். ஆனால் அதே மேடு, அதே கியர், அடுத்த நொடி. பட்டறைக்குப் போய்வந்த வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

தம்பி பொய் சொன்னார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. திறந்த ஃபில்டர் காற்றை உறிஞ்சும் சத்தம் பெரிது, காதுக்குக் கேட்டதை உடம்பு வேகமாக எடுத்துக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரில் மாட்டும் பெட்டியும் இப்படித்தான். கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக எஞ்சினுக்குச் சொல்லும். முழுக்க மிதித்தால் பழைய வண்டியேதான்.

"பந்தய ஓட்டுநர்களுக்குத் தெரியுமே" என்பவர்கள் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கடிகாரம் சொல்வதுதான் கணக்கு.

ஓட்டத் தெரியாதாம். என் அப்பா பண்ணாரியில் லாரியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு, மஞ்சள் மூட்டை லோடுடன் அதே திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறியவர். எஞ்சின் திணறுவதற்கு முன்பே அவர் கை கியருக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். அவரே இழுவை கூடியது, குறைந்தது என்று வாயால் சொன்னதில்லை. போட்ட டீசலையும் ஓடிய கிலோமீட்டரையும் சிட்டையில் எழுதிவைத்தார்.

தம்பி போட்ட படத்திலேயே முன் டயர் மொட்டையாக இருக்கிறது. அந்த மலையில் அதோடு இறங்கியும் வந்திருக்கிறார். ஃபில்டருக்குப் பணம் வாங்கிய பட்டறைக்காரர் அதைப் பார்க்கவில்லையா? என் கோபம் அவர்மேல்தான். மாற்றுவதற்கு முன்னும் பின்னும், ஒரே நாளில், ஒரே டைனோவில் அளந்த தாளைக் காட்டட்டும். அளக்கும் செலவை நானே தருகிறேன்.