ஒரே வரியில் முடிந்துபோன பகுதி

தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த தன் அம்மாவைப் பற்றி மகள் ஒருவர் இங்கே எழுதியிருப்பது மனதைத் தொட்டது. ஆனால் அந்த அம்மா பல ஆண்டுகள் பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தார் என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டதே! எனக்கு அங்கேதான் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

அது சும்மா உட்கார்ந்து படிக்கிற வேலை இல்லை. படம் வந்தால் அதைச் சொற்களில் விளக்க வேண்டும். அட்டவணையைக் குழப்பமில்லாமல் வரிசையாகச் சொல்ல வேண்டும். இடையில் இருமினால் அந்தப் பத்தியை மறுபடி வாசிக்க வேண்டும். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளி எழுத்தில் அச்சிட்டால் ஒரே பாடப்புத்தகம் பல தொகுதிகளாகப் பெருத்துவிடும் என்பதால், பலருக்கு இப்படிப்பட்ட குரல்கள்தான் கைகொடுத்தன. காப்புரிமைச் சிக்கல் வேறு. இத்தகைய படிகளை உரிமையாளரின் அனுமதி இல்லாமலே எடுக்கவும், நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்த மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2013இல்தான் கையெழுத்தானது.

தொண்டுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் ஆவணமும் பெரும்பாலும் இருக்காது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது, அம்மா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை என்பது மட்டும். (கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும், தப்பில்லை.)

சகோதரி, அவர் பதிவு செய்து கொடுத்த இடத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய ஒலிநாடாக்கள் நாளாக ஆகக் கெட்டுப்போகும். கிடைத்தால் உடனே டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், அந்தக் குரலைக் கேட்டுப் படித்தவர் யாராவது அகப்பட்டால், அவரையும் இங்கே எழுதச் சொல்லுங்கள்.